இப்போ எது ஓடுது? தெருவோர உணவுக்கடையின் சந்தைப் போக்கு: ஓர் எளிய விளக்கம்

தள்ளுவண்டி போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இப்போ எது நல்லா ஓடுது?” பதில் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. ஒருவர் மோமோ என்பார், இன்னொருவர் ஷவர்மா என்பார், மூன்றாமவர் சிறுதானியக் கூழ் என்பார். கைபேசியைத் திறந்தால் ஒரு வண்டியைச் சுற்றி ஐம்பது பேர் நிற்கிற வீடியோ வருகிறது. அதைப் பார்த்துவிட்டு நகையை அடகு வைத்து வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. ஆறேழு மாதத்தில் அதே வண்டி பாதி விலைக்கு விற்பனைக்கு வந்துவிடும்.

பெரும்பாலும் கைப்பக்குவத்தில் குறை இருக்காது. ‘டிரெண்ட்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் காரணம். அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

மழைநீர், ஆற்று வெள்ளம், கிணற்று ஊற்று

தண்ணீரை வைத்துப் பார்ப்போம். ஐப்பசியில் மழை பெய்கிறது, குளம் நிறைகிறது. அடுத்த ஐப்பசியிலும் நிறையும். வருடா வருடம் அதே மாதத்தில் வந்து போகிற இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பருவம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். சித்திரையில் நுங்கும் கரும்புச் சாறும் விற்பது பருவம்.

எங்கோ மலையில் கொட்டிய மழைக்கு ஆற்றில் வெள்ளம் வருகிறது. ஊரே கரையில் நின்று பார்க்கிறது. நாலு நாளில் வடிந்துவிடுகிறது. இது மோகம். தந்தூரி டீ வந்தபோதும், இரும்புத் தட்டில் சுருட்டிக் கொடுத்த ஐஸ்கிரீம் வந்தபோதும் நடந்தது இதுதான். முதல் மாதம் வரிசை, ஆறாம் மாதம் ஈ ஓட்டினார்கள்.

மூன்றாவது, கிணற்று ஊற்று. கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறது, இறைத்தாலும் மறுநாள் காலை ஊறி நிற்கிறது. மக்கள் சாப்பிடும் நேரமோ, கையிலிருக்கும் காசோ, கிடைக்கும் சரக்கோ நிரந்தரமாக மாறிப்போனால் வருவது இது. இதற்குத்தான் போக்கு என்ற சொல் பொருந்தும். வண்டி போடுகிறவர் தேட வேண்டியது ஊற்றை. கிணற்றின் ஆழத்தை மழை நாளில் எட்டிப் பார்த்தால் தெரியாது, கோடையில் பார்க்க வேண்டும்.

காலண்டரை மறந்தால் கணக்கு பொய்யாகும்

சிக்கன் பகோடா வண்டியை ஒருவர் ஆவணிக் கடைசியில், செப்டம்பர் முதல் வாரத்தில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்தில் புரட்டாசி பிறக்கும். பல வீடுகளில் அசைவம் நின்றுவிடும். ஐப்பசியில் தீபாவளிச் செலவும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடத் தொடங்குவார்கள், தை முதல் நாள் வரை அந்தக் குடும்பங்களில் கறி இருக்காது. ஆக, செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை அந்த வண்டிக்குச் சீரான மாதம் ஒன்றுகூட இல்லை. “சிக்கன் டிரெண்ட் போயிடுச்சு” என்று அவர் டிசம்பரில் மூடிவிட்டுப் போவார். அதே இடத்தை எடுத்து இன்னொருவர் தை மாதம் திறந்து, மார்ச்சில் “நல்லா போகுது” என்பார். சரக்கும் இடமும் அதேதான், பருவம் மட்டும் வேறு.

மாதத்துக்குள்ளும் பருவம் உண்டு. மாதச் சம்பளக்காரர்கள் அதிகமுள்ள தெருவில் 1-ஆம் தேதி முதல் 10 வரை கல்லா நிறையும், 22-க்குப் பிறகு தளரும். திருப்பூர் போல வாரக்கூலி ஊர்களில் சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வரும். அங்கே சனி இரவும் ஞாயிறும்தான் வாரத்தின் வியாபாரம். கல்லூரி வாசல் கடைக்குத் தேர்வு விடுமுறையே பஞ்ச காலம்.

அதனால் நேற்றைய விற்பனையோடு இன்றையதை ஒப்பிடுவதில் பொருளில்லை. திங்களைப் போன திங்களோடும், மாத முதல் வாரத்தைப் போன மாத முதல் வாரத்தோடும் ஒப்பிடுங்கள். கடைக்கு ஒரு வயது ஆனபின் இந்தப் புரட்டாசியைப் போன புரட்டாசியோடு ஒப்பிடலாம். அப்போதும் ஏறியிருந்தால் மட்டுமே ஏற்றம் என்று சொல்லலாம்.

இருபதாம் நாள் கூட்டம்

மோகம் எப்படி எழும்பி எப்படி வடிகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் பணத்தை இழப்பது கடினம். எளிய எண்களை வைத்துப் பார்ப்போம்.

உங்கள் வண்டி நிற்கும் முனையைத் தினமும் கடப்பவர்களில், புது அயிட்டம் ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்க மனமுள்ளவர்கள் 2,000 பேர் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 100 பேர் வீதம் முதல்முறையாக வந்து வாங்குகிறார்கள். 20 நாளில் 2,000 பேரும் ஒரு தடவை சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். இதை முதல்வாங்கல் என்போம். ருசி பிடித்துத் திரும்ப வருவது மீள்வாங்கல்.

நாலில் ஒருவர் வாரம் ஒருமுறை திரும்பி வருகிறார் என்றால் 500 பேர். ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 71 தட்டு. இருபதாம் நாளில் என்ன நடக்கும் பாருங்கள்: அன்றைய புது ஆட்கள் 100, திரும்பி வந்தவர்கள் கிட்டத்தட்ட 70, மொத்தம் ஏறக்குறைய 170 தட்டு. கடைக்காரர் பூரித்துப்போய் இன்னொரு ஆளை வேலைக்குச் சேர்ப்பார், இரண்டாவது அடுப்பு வாங்குவார். அதற்கடுத்து புது ஆட்கள் தீர்ந்துபோகிறார்கள். மிஞ்சுவது 71. நிஜத்தில் இது ஒரே நாளில் விழாது, சில வாரங்களில் சரியும். ஆனால் சரிவு எங்கே போய் நிற்கும் என்பதை முடிவு செய்வது மீள்வாங்கல் மட்டுமே.

பத்தில் ஒருவர்தான் திரும்புகிறார் என்றால்? 200 பேர், நாளைக்கு 28 அல்லது 29 தட்டு. இரண்டு கடைக்கும் முதல் பதினைந்து நாள் கூட்டம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று நிலைத்துவிடும், மற்றது மூடப்படும். தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

வீடியோ எடுப்பவர்கள் வருவதும் இந்த உச்சிக் கூட்டத்தின்போதுதான். அதைப் பார்த்து இருபது கிலோமீட்டர் தாண்டி வருகிறவர் படம் எடுத்துக்கொண்டு, ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போவார். வாரா வாரம் வரமாட்டார். வீடியோ முதல்வாங்கலை நீட்டித்துக் கொடுக்கும், அவ்வளவே. ஒரு அயிட்டம் உங்கள் கைபேசிக்கு வந்து சேர்கிற நேரத்தில், அது தொடங்கிய ஊரில் முதல் அலை பாதி முடிந்திருக்கும்.

கடன் இங்கேதான் கழுத்தை நெரிக்கிறது. தினமும் வந்து வசூலிக்கும் தண்டல்காரர் 100 நாளில் திருப்பச் சொல்லிக் கடன் கொடுக்கிறார். அலை ஓடுவது முதல் சில வாரங்கள். அந்த நாட்களின் கல்லாவை வைத்துத் தவணையை முடிவு செய்தவர்கள் மீதி நாட்களுக்கு வேறு கடன் வாங்கி இந்தக் கடனை அடைக்கிறார்கள். தெருவோர வியாபாரிகளுக்கென்றே 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாமல் சிறு கடன் கிடைக்கிறது. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது, 2025-ல் 15,000 ஆக்கப்பட்டது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்த கடன் பெரிதாகும், வட்டியில் 7 சதவீத மானியமும் உண்டு. தண்டலுக்குப் போகும் முன் இதற்காக நகராட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

இதுவரை பார்த்தது: பருவம் திரும்பி வரும், மோகம் வடியும், போக்கு ஊறும். கூட்டத்தின் அளவு இவற்றில் எது நடக்கிறது என்று காட்டாது. திரும்பி வருகிறவர்களின் எண்ணிக்கை காட்டும்.

வேர் பிடித்தவை ஏன் வேர் பிடித்தன?

சென்னை பர்மா பஜார் பக்கம், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தெருக்களில் அத்தோ விற்கிறது. நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு. அறுபது ஆண்டு ஆகியும் மாலையில் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். சேலத்தில் தட்டுவடை செட்: இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. கோவையில் காளான்: பெயர்தான் காளான், கல்லில் கிடப்பதில் பெரும்பகுதி முட்டைக்கோஸ். மாவில் புரட்டிப் பொரித்து, கல்லில் மசாலாவோடு சட்டுவத்தால் கொத்திக் கொடுப்பார்கள்.

மூன்றுக்கும் பொதுவாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. முக்கியச் சரக்கு வருடம் முழுக்க உள்ளூர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. வாரம் இரண்டு தரம் வாங்கினாலும் கையைக் கடிக்காத விலை. மாலை ஐந்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே வரும் பசிக்குச் சரியாகப் பொருந்துகிறது. புகையோ நெருப்போ காட்டி வேடிக்கையாக விற்கும் அயிட்டத்தை ஒருமுறை பார்த்தாயிற்று என்றால் முடிந்தது. பசிக்குச் சாப்பிடுவதற்கு அப்படி முடிவு கிடையாது.

சாயங்கால சிக்கன் பகோடா, சில்லி சிக்கன் வண்டிகள் ஊருக்கு ஊர் நிலைத்ததற்கும் பின்னணி இருக்கிறது. பல்லடம் வட்டாரத்தில் ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பு பெருகிய பிறகு, ஒரு காலத்தில் விருந்துச் சாப்பாடாக இருந்த கோழி அன்றாடச் சரக்கானது. முட்டைக்கு நாமக்கல். சரக்கில் வந்த மாற்றம் தெருவில் போக்காக இறங்கியது. வட மாநிலத் தொழிலாளர்கள் திருப்பூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்து தங்கியதும் பானிபூரி வண்டிகள் பெருகின. அங்கே மாறியது சரக்கு இல்லை, சாப்பிடுகிற ஆட்கள். ஆக, ஒரு அயிட்டம் ஓடுகிறது என்றால், “இதற்குப் பின்னால் எது நிரந்தரமாக மாறியிருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அது மோகம்தான்.

தட்டுக்கு என்ன மிச்சம்?

போக்கு உண்மையாகவே இருந்தாலும் அது உங்கள் பைக்குள் வருமா என்பது வேறு கணக்கு. இதற்கு நாலு சொற்கள் தெரிந்தால் போதும்.

ஒரு தட்டு விற்றால்தான் ஆகும் செலவு மாறும் செலவு. காளான் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம், தட்டு 50 ரூபாய். (எல்லாம் விளக்கத்துக்கான எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) முட்டைக்கோஸ், காளான், மைதா, சோளமாவு, வெங்காயம், மசாலா எல்லாம் சேர்ந்து 12, எண்ணெய் 5, கேஸ் 3, பாக்கு மட்டைத் தட்டும் கரண்டியும் 2, கொத்தமல்லி முதல் சிந்திச் சிதறியது வரை 2. மொத்தம் 24. ஐம்பதில் இருபத்துநாலு போக நிற்கும் 26 ரூபாய்தான் தட்டு மிச்சம்.

விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் செலவு நிலைச்செலவு. உதவியாள் கூலி 600, இடத்துக்கு 200, சரக்கு ஏற்றும் ஆட்டோ 150, வண்டி, பாத்திரத் தேய்மானம் 100, விளக்கு 50. இதோடு உங்கள் சொந்தக் கூலி 700. கடைசி வரியைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை. காலையில் மார்க்கெட் போய், மதியம் வெட்டி, இரவு பதினொன்றுக்குப் பாத்திரம் கழுவும் உழைப்புக்கு விலை போடாமல் “லாபம்” என்று சொல்வது உங்களுக்கு நீங்களே செய்யும் அநியாயம். மொத்தம் 1,800.

1,800-ஐ 26-ஆல் வகுத்தால் 69 சொச்சம். அதாவது 70 தட்டு விற்றால் கணக்கு நேராகும். இது கட்டுபடிப் புள்ளி. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு தட்டும் 26 ரூபாய் லாபம். மேலே பார்த்த 71 நினைவிருக்கிறதா? நாலில் ஒருவர் திரும்பி வந்தால்கூட இந்த வண்டி ஒரு தட்டு லாபத்தில்தான் நிற்கிறது. 170 தட்டு ஓடிய இருபதாம் நாளில் இதை யாரும் நம்பமாட்டார்கள்.

எண்ணெய் விலை ஏறினால் எல்லோரும் பதறுகிறோம். 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரி கூட்டியபோது பாமாயிலும் சூரியகாந்தியும் ஏறின. எண்ணெய் 20 சதவீதம் ஏறுகிறது என்றால் தட்டுக்கு 1 ரூபாய் கூடும், மிச்சம் 25. கட்டுபடிப் புள்ளி 72. இரண்டே இரண்டு தட்டு அதிகம். இப்போது வேறொன்றைச் செய்து பாருங்கள்: பக்கத்து வண்டிக்குப் போட்டியாக விலையை 50-லிருந்து 40 ஆக்குங்கள். மிச்சம் 16. கட்டுபடிப் புள்ளி 113. நாற்பத்துமூன்று தட்டு கூடுதலாக விற்க வேண்டும்! விலையில் குறைத்தது ஐந்தில் ஒரு பங்கு, உழைப்பில் ஏறியது பாதிக்கும் மேல். விலை குறைப்பு முழுக்க மிச்சத்திலிருந்தே போகிறது என்பதுதான் சூட்சுமம். இந்த ஒரு கணக்கைத் தெருவில் கடை போடும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறோம்.

மீந்துபோகும் சரக்கும் இதே மாதிரிதான். 100 தட்டுக்குப் பொரித்து வைத்து 80 விற்றால், மீதி 20 தட்டின் சரக்கும் எண்ணெயும் தலா 17 வீதம் 340 ரூபாய். அதை ஈடுகட்ட 13 தட்டின் மிச்சம் போய்விடும். மறுநாள் கலந்து விற்கலாம் என்று ஆசைப்பட்டால் மீள்வாங்கல் போய்விடும். கோஸ் நறுக்கித் தயாராக வைத்துக்கொண்டு, மாவு கலப்பதையும் பொரிப்பதையும் மட்டும் 25, 30 தட்டுக் கணக்கில் ஈடு ஈடாகச் செய்தால் சேதம் கடைசி ஈட்டோடு நிற்கும். உப்பும் மாவும் சேர்த்துப் பிசைந்துவிட்டால் கோஸ் நீர் விட்டுக் கலவை தளர்ந்துவிடும், அதிக எண்ணெயும் குடிக்கும். அதனால் மொத்தமாகக் கலந்து வைப்பது இரட்டை நஷ்டம்.

சுருக்கமாக: தட்டு மிச்சம், நிலைச்செலவு, இரண்டையும் வகுத்தால் கட்டுபடிப் புள்ளி. மீள்வாங்கல் இந்த எண்ணைத் தாண்டுமா என்பதே நீங்கள் பதில் தேட வேண்டிய கேள்வி.

இரண்டாவது வண்டி வந்த பிறகு

ஒரு முனையில் ஒன்று ஓடுகிறது என்றால் பத்தடி தள்ளி இன்னொன்று முளைக்கும். இருக்கும் மீள்வாங்கலைப் பல கடைகள் பங்குபோட்டு, ஒன்றுக்கும் கட்டுபடியாகாமல் போகும் நிலைக்கு நெரிசல் என்று பெயர். 71 தட்டு இரண்டாகப் பிரிந்தால் ஆளுக்கு 35. இரண்டு பேருமே நஷ்டத்தில் ஓடிக்கொண்டு, மற்றவர் முதலில் மூடட்டும் என்று காத்திருப்பார்கள்.

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் 2010-களில் வரிசையாக முளைத்த கும்பகோணம் டிகிரி காபி போர்டுகள் நினைவிருக்கும். பித்தளை டபராவில் காபி என்பது நல்ல யோசனை, வண்டியில் போகிறவர்களுக்கு நிறுத்தி இளைப்பாற இடம் தேவைப்பட்டது, அதுவும் உண்மையான போக்கு. ஆனால் ஒரே பெயர் பல கடைகளில் தொங்கியபோது, நல்ல காபி போட்டவருக்கும் பெயரை மட்டும் எழுதிவைத்தவருக்கும் வித்தியாசம் சொல்ல வழியில்லாமல் போனது.

நெரிசலில் ஒரு விதிவிலக்கு உண்டு. கடைகள் கூடக்கூட வெளியிலிருந்து ஆட்கள் தேடி வருகிற இடங்கள். சவுக்கார்பேட்டையில் சாப்பிடப் போகிறவர் ஒரு கடைக்காகப் போவதில்லை, தெருவுக்காகப் போகிறார். அங்கே பக்கத்துக் கடை ஒருவகையில் உங்களுக்குத் துணை. ஆனால் அதே அயிட்டத்தை விற்றால் துணை இல்லை. தெருவில் ஏழு கடையில் காளான் இருந்தால், எட்டாவதாகப் போகிறவர் அதைச் சாப்பிட்டவர் அடுத்துத் தேடுவதை, சோடாவையோ பருத்திப்பாலையோ விற்பது நல்லது.

கியோஸ்க், பிரான்சைஸ்

கியோஸ்க் என்பது மால், மெட்ரோ நிலையம், ஐடி வளாகம் போன்ற இடங்களில் இருக்கும் சின்னப் பெட்டிக்கடை. மழைத் தொல்லை இல்லை, கூட்டம் உறுதி, ஆனால் நிலைச்செலவு பல மடங்கு. பெரும்பாலும் ஒரு பிராண்டின் பிரான்சைஸாகவே வருகிறது: பெயரும் செய்முறையும் அவர்களுடையது, முதலும் உழைப்பும் உங்களுடையது.

மேலே பார்த்த அதே வண்டியை பிரான்சைஸ் ஆக்கிப் பார்ப்போம். பிராண்டுக்குக் கொடுக்கும் ராயல்டி விற்பனையில் 5 சதவீதம் என்றால் தட்டுக்கு இரண்டரை ரூபாய். லாபத்தில் 5 சதவீதம் என்று தவறாக நினைக்கிறவர்கள் ஏராளம். நஷ்டம் வந்த நாளிலும் இது போகும். மிச்சம் 23.50. பிரான்சைஸ் கட்டணம் 3 லட்சம், மூன்று வருட ஒப்பந்தம், மாதம் 26 நாள் வியாபாரம் என்றால் நாளொன்றுக்கு 320 ரூபாய் நிலைச்செலவில் ஏறும். கட்டுபடிப் புள்ளி 91 தட்டு. மசாலாவும் சாஸும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையால் தட்டுக்கு 3 ரூபாய் கூடினால் 104. எழுபதில் இருந்தது நூற்றுநாலு. கியோஸ்க் வாடகையை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதனால் பிரான்சைஸ் கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெயர் போர்டு தினமும் 34 தட்டு கூடுதலாக இழுத்து வருமா என்பதே கேள்வி. கையெழுத்துப் போடும் முன் அதே பிராண்டின் ஒரு வருடம் தாண்டிய கடைக்குப் போய்ப் பாருங்கள், போன மாதம் திறந்ததற்குப் போகாதீர்கள்.

ஒரே நாளில் நிற்கும் சரக்கு

போக்கை மதிப்பிடும்போது பலர் கணக்கில் எடுக்காத ஒன்று, உணவுப் பாதுகாப்பு. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் கண்டறியப்பட்டு, புதுச்சேரியைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் தடை வந்தது. அது துணிக்குப் போடும் சாயம், வயிற்றுக்கு உரியதில்லை. அதே ஆண்டு திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை விடும் பிஸ்கெட் விற்பனைக்கு எதிராக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. முட்டை சூடாவதே இல்லை என்பதால் சால்மோனெல்லா கிருமி உயிரோடு தங்கிவிடும், வெயிலில் மணிக்கணக்காக வைத்திருந்தால் பெருகும்.

அன்று ஷவர்மா கடைகளில் முட்டையில்லாத மயோனைஸுக்கு மாறத் தெரிந்தவர் மறுநாளும் கடை திறந்தார். இதில் வியாபாரப் பாடமும் இருக்கிறது, மனசாட்சியும் இருக்கிறது. சாப்பிட வருகிறவர் பக்கத்துத் தெருப் பிள்ளை. பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (எண்ணெய் காயக் காயக் கெட்டு உருவாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அதை அளக்கும் மீட்டர் இல்லாதவர் கண்ணால் பார்க்கலாம்: எண்ணெய் கருத்து, பிசுபிசுத்து, அடுப்பு சிம்மில் இருக்கும்போதே புகைந்து, மேலே அடங்காத நுரை கட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. வீட்டுச் சிலிண்டரை வண்டியில் பயன்படுத்துவதும் குற்றம். வணிகச் சிலிண்டர் 19 கிலோ, அதன் விலையைப் போட்டுத்தான் கேஸ் செலவைக் கணக்கிட வேண்டும்.

இடம் பறிபோனாலும் சரக்கு நின்ற மாதிரிதான், ஏனென்றால் மீள்வாங்கல் ஒட்டியிருப்பது அந்த முனையோடு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு, கணக்கெடுப்பு, விற்பனைச் சான்றிதழ் என்ற வழியை வைத்திருக்கிறது. சான்றிதழ் கையில் உள்ளவருக்கு, அப்புறப்படுத்தும் முன் நோட்டீஸ் கேட்கும் உரிமை உண்டு.

எண்ணிப் பார்ப்பது எப்படி?

முதல் போடும் முன், நீங்கள் நினைக்கும் அயிட்டம் ஏற்கெனவே விற்கிற ஒரு கடைக்கு எதிரே மூன்று மாலை நில்லுங்கள்: ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு. மாலை 6 முதல் 9.30 வரை, கால் மணிக்கு ஒரு கோடு. கொடுத்த தட்டுகளை எண்ணுங்கள், பார்சலைத் தனியாகக் குறியுங்கள். கூட்டத்தில் விட்டுப்போனால் குப்பைக் கூடை சொல்லும்.

அதைவிட முக்கியம், வந்தவர் பழையவரா புதியவரா என்பது. கொஞ்ச நேரம் பார்த்தாலே பிடிபடும். போர்டை நிமிர்ந்து பார்க்கிறவர், “இது என்னண்ணா, எவ்வளவு?” என்று கேட்கிறவர் புதியவர். விலை கேட்காமல் க்யூஆர் அட்டைக்கு நேரே போனை நீட்டிக்கொண்டே “அண்ணா, காரம் கம்மி” என்கிறவர் பழையவர். நூறு பேரில் இப்படிப்பட்டவர்கள் இருபதுக்கும் கீழே என்றால் அந்தக் கடை முதல்வாங்கலில் ஓடிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு கூட்டம் இருந்தாலும்.

உங்கள் கடை திறந்த பிறகு இந்த வேலையை யுபிஐ செய்து கொடுக்கும். மாத முடிவில் பணம் வந்த பட்டியலை எடுத்து, ஒரே பெயர் இரண்டு தடவைக்கு மேல் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். முதல் மாதம் குறைவாக இருப்பது இயல்பு. இரண்டாம் மாத முடிவில் வரவில் பாதியாவது திரும்பத் திரும்ப வரும் பெயர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் இரண்டாவது அடுப்பும் இரண்டாவது ஆளும் வேண்டாம். ருசியையோ விலையையோ இடத்தையோ ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, கிழமை, விற்ற தட்டு, மீந்த தட்டு, ஒரு வரிக் குறிப்பு. குறிப்பில் மழை, பக்கத்துக் கோயில் திருவிழா, கரண்ட் கட், மேட்ச் நாள் எதுவானாலும் எழுதுங்கள். கடை போடாத நாளுக்கும் ஒரு வரி ஒதுக்கிச் சுழியம் போடுங்கள். மழைக்கு மூடிய நாலு நாளை நோட்டில் விட்டுவிட்டால் சராசரி அழகாகத் தெரியும், மாதக் கடைசியில் வாடகை கொடுக்கப் பணம் இருக்காது.